ராமேசுவரம் கோயில் யாருடையது? ஏழாம் வகுப்புச் சிறுமியின் கேள்விக்குப் பதில் தேடுகிறேன்

மண்டபம் ஆசிரியை (கேள்வி):

வணக்கம். மண்டபம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் நடத்துகிறேன். போன மாதம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரை ராமேசுவரம் கோயிலுக்கு அழைத்துப் போனோம். பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். இந்து, கிறித்தவர், முஸ்லிம் எல்லாரும் கலந்த வகுப்பு என்பதால் சன்னிதிக்குப் போகாமல் பிரகாரத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

மூன்றாம் பிரகாரத்தில் கைகூப்பி நிற்கும் ராமநாதபுரத்து மன்னர் முத்துராமலிங்க சேதுபதியின் சிலையைக் காட்டி, இவர் பெயரில்தான் இந்தப் பிரகாரம் விளங்குகிறது என்று சொன்னேன். ஒரு சிறுமி அந்தச் சிலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "கட்டினவர் இவர்தானே டீச்சர்? அப்படியானால் ஏன் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்? கோயில் இவருடையது இல்லையா?"

சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. "இப்போது அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். மறுநாள் ஒரு தந்தை வந்து, ராமபிரான் லிங்கம் வைத்துப் பூசித்த கோயிலை அரசாங்கத்துடையது என்று சொல்லிக்கொடுப்பதா என்று வருத்தப்பட்டார். அவர் போன பிறகு இன்னொருவர் வந்து, சேதுபதி பெயரை ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னீர்கள், அது ஒரு சமூகத்தாருக்குப் பெருமை சேர்க்கிற பேச்சு என்றார். இரண்டு பேருமே கோபமாகப் பேசவில்லை. இருவருக்கும் மனம் நொந்திருந்தது, அவ்வளவுதான். பள்ளியில் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடச் சொன்னார்கள்.

எனக்கு விட மனம் வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை இவ்வளவு நல்ல கேள்வி கேட்டு, நான் மழுப்பினேன் என்பது உறுத்துகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: அவளுக்கு நேர்மையாக என்ன பதில் சொல்வது?


கோட்டைவாசல் (பதில்):

அம்மா, ராமநாதபுரத்தில் முப்பது ஆண்டு தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தச் சிலைக்கு முன்னால் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தக் குழந்தைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

அவர் கும்பிடுவதற்குக் காரணம் அவருடைய பட்டத்திலேயே இருக்கிறது. சேதுபதி என்றால் சேதுவுக்கு, அதாவது ராமர் பாலம் கட்டியதாகச் சொல்லும் இந்தக் கடல்துறைக்கு, காவலர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையை ஆண்ட முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், சடைக்கத் தேவரை இந்தச் சீமைக்குத் தலைவராக ஏற்றபோது அவரிடம் எதிர்பார்த்த முதல் வேலை, சேது யாத்திரை போகிறவர்களுக்குக் கள்வர் பயம் இல்லாமல் வழிகாப்பது. அப்போது தலைநகர் போகலூர். கோட்டையும் அரண்மனையும் ராமநாதபுரத்துக்கு வந்தது பின்னால், கிழவன் சேதுபதி காலத்தில். ஆக, முதலில் இருந்தது கோயில். அதற்குப் போகும் வழி இருந்தது. வழிக்கு ஒரு காவல்காரர் வேண்டியிருந்தது. அந்தக் காவல்காரர்தான் மன்னர் ஆனார். நம் பாடநூல்களில் மன்னர் கோயில் கட்டினார் என்று படித்துப் படித்து, இங்கே கோயில்தான் மன்னரை உண்டாக்கியது என்பதை மறந்துவிட்டோம்.

இதற்கு நம் சீமையிலேயே ஒரு சாட்சி உண்டு. திருமலை நாயக்கருக்கும் இரண்டாம் சடைக்கத் தேவருக்கும் (தளவாய் சேதுபதி என்று சொல்வோம்) பகை முற்றியது. நாயக்கரின் தளபதி ராமப்பையன் படையெடுத்து வந்தான். சேதுபதி ராமேசுவரம் தீவுக்கு ஒதுங்கியும் பயனில்லை. பிடிபட்டு மதுரைச் சிறைக்குப் போனார். அவர் இடத்தில் நாயக்கர் வைத்த ஆளால் சீமையை அடக்கி ஆள முடியவில்லை. வழியெல்லாம் கலகம், யாத்திரை நின்றது. வடக்கிலிருந்து வந்த சாதுக்களும் பைராகிகளும் நாயக்கரிடம் முறையிட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கடைசியில் நாயக்கர் தாமே சிறைக்கதவைத் திறந்து சேதுபதியைத் திருப்பி அனுப்பினார். தென்னாட்டில் அன்று அவரைவிடப் பெரிய அரசர் இல்லை. அவருக்கே ராமநாதசுவாமி கோயிலின் வழியை மூடி வைக்கத் துணிவு வரவில்லை. சேதுவுக்குப் போகும் வழியைக் காக்க முடியாத அரசன் என்ற பேச்சு காசி வரைக்கும் போய்விடும் அல்லவா?

என் தாய்வழிப் பாட்டனார் சேது சாலையில் இருந்த ஒரு சத்திரத்தில் சமையல் செய்தவர். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் வழியெங்கும் சேதுபதிகளின் சத்திரங்கள் இருந்தன. தஞ்சை மராட்டிய மன்னர்களும் தங்கள் நாட்டு வழியில் கட்டினார்கள்; ஒரத்தநாட்டில் சரபோஜி கட்டிய முத்தம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. பாட்டனார் சொல்வாராம்: நள்ளிரவில் கதவு தட்டினாலும் உலை வைக்க வேண்டும், யார், எந்த ஊர் என்று கேட்கக்கூடாது. அரசருடைய பெயர் ஊர் ஊராகப் பரவியது கல்வெட்டால் மட்டும் அல்ல, அந்தச் சோற்றாலும்தான். அதிகாரம் என்றதும் வாளை நினைக்கிறோம். எங்கள் வீட்டில் அது ஓர் அண்டாவாக இருந்தது.

இனி, அந்தச் சிலைக்கு உரியவரின் கதை. முத்துராமலிங்க சேதுபதி குழந்தையாக இருக்கும்போதே பட்டத்துக்கு வந்தவர். 1772இல் ஆற்காட்டு நவாபின் படையும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் சேர்ந்து ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்து, அவரையும் அவர் தாயாரையும் திருச்சிராப்பள்ளியில் சிறை வைத்தார்கள். ஏறத்தாழ எட்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்து ஆண்டார். 1795இல் கம்பெனி மறுபடியும் அவரை இறக்கியது. 1809இல் சென்னைக் கோட்டைச் சிறையில் இறந்தார். ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட தூண்கள் கொண்ட பிரகாரத்தில் பெயர் பெற்றவர், வாழ்நாளில் பல ஆண்டுகளைச் சிறைச்சாலையில் கழித்தார். அவர் ஏன் கும்பிடுகிறார் என்று அடுத்த முறை கேட்டால் இதையும் சொல்லுங்கள்.

கிழக்குக் கோபுரத்தையும் காட்டுங்கள். தளவாய் சேதுபதி தொடங்கியது, மொட்டையாகவே தலைமுறை தலைமுறையாக நின்றது. தேவகோட்டை நகரத்தார்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடித்து வைத்தார்கள். அரச பணத்தால் முடியாததை வணிகர் பணம் முடித்தது. உள்ளே பூசை செய்கிறவர்களோ மராட்டிய வழிவந்த அந்தணர்கள், சிருங்கேரி மடத்தில் தீட்சை பெற்றவர்கள். தீவில் கருங்கல் கிடையாது, மணலும் பவளப்பாறையும்தான். ஒவ்வொரு தூணும் பாம்பன் கடலைத் தோணியில் கடந்து வந்தது. இத்தனை பேர் கைபட்ட இடத்தை ஒருவருடையது என்று எப்படிச் சொல்வது?


நல்லூர் வாசகர் (பதில்):

கோட்டைவாசல் ஐயா எழுதியதற்கு முந்திய காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் யாழ்ப்பாணத்தவன். எங்கள் ஆரியச்சக்கரவர்த்தி மன்னர்களுக்கும் 'சேது காவலன்' என்ற பட்டம் உண்டு. அவர்கள் வெளியிட்ட காசில் நந்தி படுத்திருக்கும், அதன் கீழே தமிழில் 'சேது' என்று பொறித்திருக்கும். என் மாமா அப்படி ஒரு செப்புக்காசை எனக்குக் கையில் வைத்துக் காட்டினார். நகத்தளவு இருக்கும். அந்த இரண்டு எழுத்தை வாசித்தபோது உடம்பு சிலிர்த்தது.

அவர்களுக்கும் முன்னால், பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலங்கையில் பொலன்னறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் படை இலங்காபுரன் என்ற தளபதியின் கீழ் ராமேசுவரத்தைப் பிடித்ததை, இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அதன்பின் வந்த நிசங்கமல்லன் பௌத்த அரசன். தான் ராமேசுவரத்தில் நிசங்கேசுவரம் என்று ஒரு கோயில் எடுத்ததாகத் தன் கல்வெட்டில் பெருமையாகக் குறித்திருக்கிறான். பௌத்த அரசனுக்குச் சிவன் கோயில் எதற்கு? அந்த நீரிணையின் இரு கரையும் தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டது என்று உலகுக்குக் காட்டுவதற்கு. கச்சதீவு வரைக்கும் இன்றும் அதே நீருக்காகத்தான் இரண்டு அரசுகள் பேசிக்கொண்டிருக்கின்றன. மீன் பிடிக்கிறவன் பாடுதான் மாறவில்லை.


தங்கச்சிமடத்து மகள் (பதில்):

டீச்சர் அக்கா, உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் போல நானும் படகுக்காரர் வீட்டுப் பெண். கோட்டைவாசல் ஐயா எழுதியதை மரியாதையோடு படித்தேன். ஆனால் சேதுபதியைச் சொல்லும்போது ஓரியூரையும் சொல்ல வேண்டும்.

நாங்கள் கத்தோலிக்கர். ஆண்டுதோறும் குடும்பத்தோடு ஓரியூருக்குப் போவோம். அருளானந்தர், அதாவது ஜான் தெ பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இடம் அது. அங்கே மண் சிவப்பாக இருப்பது அவர் இரத்தத்தால் என்று பாட்டி சொல்லிச் சொல்லி வளர்த்தாள். அந்த மண்ணைத் துணியில் முடிந்து வீட்டில் வைத்திருக்கிறோம். ஆணையிட்டவர் கிழவன் சேதுபதி. சேது வழிக்குக் காவல் இருந்தவர்தான் இதையும் செய்தார். யாத்திரை வந்தவருக்கெல்லாம் சோறு போட்ட அரசு, வேறு ஒரு சாமியைச் சொன்னவருக்கு என்ன செய்தது என்பதை எங்கள் பிள்ளைகள் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்?

இன்றைய நிலையையும் சொல்கிறேன். பெரிய தலைவர்கள் கோயிலுக்கு வரும் நாட்களில் சாலையெல்லாம் தடுப்பு வைக்கிறார்கள். ஒருமுறை என் அண்ணி பிரசவ வலியோடு ஆட்டோவில் வந்துகொண்டிருந்தாள். தடுப்பில் நின்றவரிடம் கெஞ்சிக் கெஞ்சித்தான் வழி வாங்கினோம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனாலும் அந்த இருபது நிமிடத்தை எங்கள் அண்ணன் இன்னும் மறக்கவில்லை. கோயிலுக்கு யார் வந்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான். எங்கள் அப்பா கடலுக்குப் போகும்போது கிழக்குக் கோபுரம் தெரிகிற திசையைப் பார்த்து ஒரு சிலுவை போட்டுக்கொள்வார். இருட்டில் கரை தேடும்போது எங்களுக்கு அந்தக் கோபுரமும் அடையாளம். அதை ஒரு கட்சிக்கோ ஒரு குடும்பத்துக்கோ உரியது போலப் பேசினால் மனம் வலிக்கிறது.


கோட்டைவாசல் (பதில்):

மகளே, நீ எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஓரியூரை நான் சொல்லியிருக்க வேண்டும்.

நடந்ததை முழுதாகவே வைக்கிறேன். சேதுபதி குடும்பத்தைச் சேர்ந்த தடியத் தேவர் அருளானந்தரிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஒரு மனைவி மட்டும்தான் என்பது அந்த மதத்தின் விதி. ஆகவே மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் கிழவன் சேதுபதிக்கு உறவுப்பெண். அரச குடும்பத்துக்குள் பட்ட அவமானமும், பட்டத்துக்குப் போட்டியாகத் தடியத் தேவர் வருவாரோ என்ற அச்சமும், குருமார்களின் முறையீடும் ஒன்றாகச் சேர்ந்தன. பழி வந்து விழுந்தது ஒரு துறவியின் தலையில். அதே கிழவன் சேதுபதிதான் கீழக்கரை வள்ளல் சீதக்காதியோடு உடன்பிறந்தாரைப் போல நட்புப் பாராட்டியவர். இஸ்லாமியர் ஒருவர் தோழர், கிறித்தவத் துறவி ஒருவர் கொலையுண்டார், இரண்டும் ஒரே ஆட்சியில். மதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இது விளங்காது. தன் பட்டத்துக்கு எது துணை, எது இடையூறு என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. அதற்காக அந்தச் சாவு சின்னதாகிவிடாது.

இன்னொன்றையும் இன்று சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டு வகுப்பில் நான் விரும்பி நடத்திய பாடம் விவேகானந்தர் வருகை. சிகாகோ பயணத்துக்குத் துணைநின்றவர் பாஸ்கர சேதுபதி. 1897 ஜனவரி 26இல் சுவாமி பாம்பனில் கரையிறங்கியபோது மன்னரே காத்திருந்து வரவேற்றார். மறுநாள் ராமேசுவரம் கோயிலில் சுவாமி பேசினார். ஏழையிடமும் எளியவரிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே உண்மையான வழிபாடு, சிலையில் மட்டும் காண்பது தொடக்க நிலை என்பது அந்தப் பேச்சின் சாரம். இதைச் சொல்லும்போது வகுப்பில் என் குரல் உயரும்.

அதே 1897இல், நான்கு மாதம் கழித்து மே மாதத்தில், கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் மக்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். அந்தக் கோயிலின் பரம்பரை அறங்காவலர் பாஸ்கர சேதுபதிதான். அவர்கள் நுழையக் கூடாது என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. இடையில் மன்னர் சமாதானமாகப் போக இசைந்தார் என்றும் படித்திருக்கிறேன். ஆனால் வழக்கு நின்றபாடில்லை. அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. 1908இல் அங்கேயும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பு. கடல் கடந்து போய் வேதாந்தம் பேசத் துணைநின்ற கையே உள்ளூரில் கோயில் கதவில் இருந்தது. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு 1939இல்தான் கிடைத்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அந்த ஜூலையில் அழைத்துச் செல்லப்பட்டவர்களில் நாடார் ஒருவரும் இருந்தார்.

இந்த இரண்டாம் பாதியை நான் ஒருநாளும் வகுப்பில் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை. மன்னர் மேல் இருந்த மதிப்பினால் சொல்லவில்லை. என் வகுப்பில் நாடார் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குரிய வரலாற்றை அவர்களிடமிருந்தே மறைத்தேன். அது தப்பு. டீச்சர், நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

அரசாங்கம் என்ற உங்கள் பதிலும் பொய் இல்லை, பாதிதான். 1803க்குப் பிறகு சேதுபதிகள் கம்பெனிக்கு வரி கட்டும் ஜமீன்தார்கள் ஆனார்கள். 1817இல் கோயில் சொத்துகளை மேற்பார்க்கும் பொறுப்பைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. கிறித்தவ அரசு இந்துக் கோயிலை நடத்தலாமா என்று அவர்கள் நாட்டிலேயே எதிர்ப்பு எழுந்தது; கம்பெனிக்குப் பின் வந்த ஆங்கில அரசு 1863இல் ஒரு சட்டம் போட்டு விலகியது. நீதிக்கட்சி ஆட்சியில் அறநிலையச் சட்டம் வந்தது. 1948 சட்டத்தால் ஜமீன் போயிற்று. இப்போதுள்ள சட்டம் 1959இல் வந்தது. அறநிலையத் துறை என்பது நேற்று முளைத்தது போலவும், அதற்கு முன் கோயில் யார் தலையீடும் இல்லாமல் தானாக இருந்தது போலவும் இருதரப்பிலும் பேசுகிறார்கள். உத்தரகோசமங்கையிலும் திருப்புல்லாணியிலும் சமஸ்தான தேவஸ்தானத்தின் நிர்வாகம் இன்றும் தொடர்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு முறைகளும் இருக்கின்றன.

தலைவர்கள் வருவதைப் பற்றி எழுதியிருந்தாய், மகளே. 1988இல் ராஜீவ் காந்தி சாலைப் பாலத்தைத் திறந்தார், அதற்கு அவர் அன்னையின் பெயர். 2024 ஜனவரியில் அயோத்தி விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாகப் பிரதமர் மோடி அக்கினி தீர்த்தத்தில் நீராடினார். 2025 ஏப்ரல் 6, ராமநவமி அன்று புதிய ரயில் பாலத்தைத் திறந்தார். கட்சி எதுவாயினும் சேதுவில் நின்று நாட்டைப் பார்த்துப் பேசுவதற்கு ஒரு கனம் கூடுகிறது. நிசங்கமல்லனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவர்கள் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. உன் அண்ணி வந்த ஆட்டோவுக்கு வழிவிடுவதும் அந்தப் பக்தியில் சேர்த்தி என்று மட்டும் சொல்வேன்.


மண்டபம் ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை வகுப்பு முடிந்ததும் அந்தச் சிறுமியைக் கூப்பிட்டு, சிறைக்குப் போன ராஜா கதையைச் சொன்னேன். உன்னிப்பாகக் கேட்டாள். "அப்படியானால் சிலை செய்தபோது அவர் சிறையில் இருந்தாரா, வெளியில் இருந்தாரா?" என்றாள். எனக்கு மறுபடியும் பதில் தெரியவில்லை. இந்த முறை மழுப்பாமல், தெரியாது, சேர்ந்து தேடுவோம் என்றேன்.

வரும் சனிக்கிழமை விருப்பமுள்ள பெற்றோரையும் அழைத்துக்கொண்டு இன்னொரு முறை போகப் போகிறோம். வருத்தப்பட்ட இரண்டு தந்தையரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த மாதம் ஓரியூருக்கும் கமுதிக்கும் ஒரே நாளில் பஸ் ஏற்பாடு செய்ய முடியுமா என்று பார்க்கிறேன். ஐயா, நீங்களும் சனிக்கிழமை வர முடியுமா?


கோட்டைவாசல்:

வருகிறேன் அம்மா. காலை ஏழு மணிக்குள் தீவுக்குள் வந்துவிடுங்கள், பிறகு தீர்த்தமாடுகிறவர்கள் கூட்டம் கூடிவிடும், பிரகாரம் முழுக்க ஈரமாகி வழுக்கும். கைபேசியை உள்ளே விட மாட்டார்கள். ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள், சிலையைப் பார்த்து வரையட்டும். கிழக்கு வாசலில் காத்திருப்பேன். தங்கச்சிமடத்து மகளே, உன் அப்பாவுக்கு அன்று கடலுக்குப் போகும் முறை இல்லையென்றால் அவரையும் அழைத்து வா. இருட்டில் கோபுரம் எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்பதைப் பிள்ளைகளுக்கு அவர்தான் சொல்ல வேண்டும்.